ஒன்றரை மணி மா

ஒன்றரைக்கு அலாரம்.
போர்வைக்குள்ளேயே அதன் வாயைப் பொத்துகிறேன்.
சமையலறைத் தராசில் இருபத்தாறு கிராம் சோளமா,
குழாயிலிருந்து குளிர்ந்த தண்ணீர்.
சூடாக்கக் கூடாது.
வெந்த மா விறுவிறென்று தீர்ந்துவிடும்,
பச்சை மாதான் மெல்லக் கரையும்
சம்பளத்தை மாதக் கடைசிவரை
இழுத்துப் பிடிப்பவனைப் போல.

ஆரபிக்கு நாலு வயது.
கண் திறக்காமலே குடிப்பாள்.
மேலுதட்டில் வெள்ளை மீசை.
இரவுச்சட்டைக்குள் முன்தள்ளிய வயிறு,
அதில் பாதி ஈரல்.

சாஸ்கடூன் ஆஸ்பத்திரியில்
மருத்துவர் ஒரு கட்டம் வரைந்து
இது செல் என்றார்.
பள்ளியில் கலம் என்று படித்தவன் நான்.
உண்ணும் பாத்திரமும் கலம்,
நெல்லை அளப்பதும் கலம்.
தின்றதில் மிஞ்சிய சர்க்கரையை
அது கிளைகிளையாய்க் கோத்து வைக்குமாம்.
பசிக்கும்போது ஒவ்வொன்றாய்க் கிள்ளி
வாசலுக்கு அனுப்புமாம்.
வாசலில் ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு சீட்டு.
சீட்டைக் கழற்றினால்தான் வெளியே போகலாம்.
கழற்றுகிற கை
இவளுக்கு இல்லை.
மற்றதெல்லாம் இருக்கிறது.

கைக்கெட்டியது வாய்க்கெட்டவில்லை
என்று முணுமுணுத்தாள் சுகிர்தா.
என்ன சொல்கிறார் என்று மருத்துவர் கேட்டார்.
நான் மொழிபெயர்க்கவில்லை.

எனக்கு வேலை தானியக் கிடங்கில்,
ஸ்விஃப்ட் கரண்டுக்கு மேற்கே,
நெடுஞ்சாலையில் வருபவனுக்கு
அரைமணி நேரம் முன்பே தெரியும் கோபுரங்கள்.
இந்த ஜனவரியில் மைனஸ் முப்பத்தெட்டு.
பத்தொன்பது நாள் ஒரு ரயில் பெட்டிகூட வரவில்லை.
கோபுரங்களுக்குக் கழுத்துவரை கோதுமை.
எஞ்சினை அணைக்காமல் வாசலில் நிற்கும் லாரிகளை
திரும்பிப் போகச் சொல்லும் வேலை என்னுடையது.
வான்கூவரில் கப்பல்கள்
வெறும்வயிற்றோடு நங்கூரமிட்டிருப்பதாய்ச் செய்தி.
அதை நான் முழுதும் வாசிக்கவில்லை.
அந்தப் படம் ஏற்கெனவே
என் சட்டைப் பையில் நாலாய் மடிந்து கிடந்தது.

இருபதாம் இரவு ரயில் வந்தது.
நூற்றுப் பன்னிரண்டு பெட்டிகள்.
குழாய் வழியே கோதுமை இரையும் சத்தத்தில்
என் கோட்டுக்குள் அலாரம் அடித்தது.
என்ன அது? என்று கீழேயிருந்து டேரல் ஹ்னாட்டியுக்.
மகளின் சாப்பாடு என்றேன்.
இப்போதா?
எப்போதும்.
உங்கள் பாஷையில் அதற்கு என்ன பெயர் என்றான்.
சொன்னேன்.
நாலரைக்கு, என் அலாரத்துக்கும் முன்னால்,
பனியில் நின்றபடி கத்தினான்,
"ம்மாஆ!"
கன்றைத் தேடும் பசுவேதான்.
சிரித்ததில் என் மூக்குச் சளி உறைந்தது.

சில இரவுகளில்
டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு யோசிப்பேன்.
சோளமணிக்குள் இருக்கும் மா யாருக்காம்?
உள்ளே சுருண்டு தூங்கும் முளைக்கு.
தாய்ச்செடி தான் காயுமுன்னே
கலம் கலமாய் அடைத்து
பிள்ளைக்குக் கட்டிக்கொடுத்த கட்டுச்சோறு.
எந்த ஊர் வயலோ.
அதன் பிள்ளையின் பங்கை
என் பிள்ளைக்குக் கரைக்கிறேன்.
கும்பிடவெல்லாம் தோன்றவில்லை,
தூக்கக் கலக்கத்தில் கரண்டியைத் தேடத்தான் தோன்றும்.
ஆனாலும் மூடியை
மெதுவாகத்தான் மூடுவேன்.

வேலை முடிந்து வீட்டுக்கு வர ஆறே முக்கால்.
கட்டிலோரம் உட்கார்ந்தபடியே சுகிர்தா தூக்கம்.
ஆரபியின் நெற்றியைத் தொட்டேன்.
வியர்வை இல்லை.
கழுவுதொட்டியில் கிளாஸ்,
அடியில் தங்கிய மாவையும் தண்ணீர் விட்டு அலசி
குடிக்கக் கொடுத்திருக்கிறாள்.
ஒரு கிராமும் ஒரு கிராம்தானே.

அடுத்தது ஏழரைக்கு.
ஏழரை என்றால் சனி என்பார்கள்.
எங்களுக்கு அது
காலைச் சாப்பாடு.